மழையில் மோட்டாரை நிறுத்தியவர்

என் அக்கா புருஷனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு இரண்டுக்கு மேல் வராது. குடிக்க மாட்டார். கை நீட்ட மாட்டார். மீதி இரண்டை நானும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஊரில் அவருக்கு அரை டாக்டர் என்று பெயர். அந்தப் பெயரை வைத்ததே நான்தான் என்று ஒரு பேச்சு உண்டு. நான் அதை மறுத்ததில்லை. விஷயம் தெரியாத சிலர் அவர் ஊசி போடுவார் என்று நினைத்துக் காய்ச்சலோடு வந்து நின்றிருக்கிறார்கள். மனுஷன் அவர்களையும் சும்மா அனுப்பவில்லை. நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "உப்பைக் குறைச்சுக்கோங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

எங்கள் ஊர் எல்லையில் ஒரு ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. உப்பேறிய மண்ணில் எந்தப் பயிர் தாக்குப்பிடிக்கும், எந்தப் பயிரின் வேர் எப்படிக் கெடும் என்று பார்ப்பதுதான் அங்கே வேலை. கண்ணாடிக் கூரை போட்ட நீளக் கூடம், உள்ளே வரிசை வரிசையாகத் தொட்டிகள், வெளியே பாத்திகள். மாமா அங்கே தண்ணீர் ஊற்றும் வேலைக்குச் சேர்ந்து, தண்ணீர் ஊற்றியே ஓய்வு பெற்றார். இடையில் ஒரு பதவி உயர்வு வந்தது. அதாவது, கையிலிருந்த வாளி போய் ரப்பர் குழாய் வந்தது. அதற்கே தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார்.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. டிரம்மில் கலந்து வைத்திருக்கும் உப்புத் தண்ணீரைச் சொன்ன தொட்டிக்குச் சொன்ன அளவில் ஊற்ற வேண்டும். வெளிப் பாத்திகளில் சொட்டுக் குழாய் ஓடும். அதிலும் உப்புத் தண்ணீர்தான். அந்தப் பாத்திகளுக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. தூறல் விழ ஆரம்பித்தால், கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு ஓடிப் போய் வால்வைத் திறந்துவிட வேண்டும். மாமா தன் சர்வீஸ் முழுக்க இதை ஒருநாள் பிசகாமல் செய்தார். ஏன் என்று மட்டும் கேட்கவே இல்லை. கேட்டால் தனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே!

கேட்காமல் இருந்தாலாவது சும்மா இருந்திருக்கலாம். டீக்கடையில் உட்கார்ந்து அதை வைத்தே சிரிப்பு மூட்டுவார். "வானம் சும்மா ஊத்துது, நான் குடையைப் பிடிச்சுக்கிட்டுப் பயிருக்குத் தண்ணி விடறேன். படிச்சவன் புத்தியைப் பாத்தீங்களா?" கடையே சிரிக்கும். அவருக்கு இன்னொரு டீ வரும். அந்த டீக்காகவே அந்தக் கதையை எத்தனை தடவை சொன்னாரோ, கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிற்று.

பண்ணையில் யாரோ கழித்துப் போட்ட வெள்ளைக் கோட்டு ஒன்றைக் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்து வெளுக்கச் சொன்னார். அதற்குப் பிறகு கோட்டில்லாமல் வெளியே கிளம்ப மாட்டார். ஒரு கல்யாணத்துக்கும் அதையே மாட்டிக்கொண்டு கிளம்பியவரை அக்கா வாசலில் மறித்துக் கழற்ற வைத்தாள். யார் கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்தாலும் ஒரு சொட்டை நாக்கில் விட்டு, கண்ணை மூடி, உப்பு "ஆறு" என்பார். ஆறு என்னவாம்? கிலோவா, லிட்டரா? கேட்டால், "அது உனக்குப் புரியாது மெக்கானிக்கு" என்பார்.

மெக்கானிக்கு என்பது நான்தான். மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். எரிந்துபோன பம்பு மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவியெடுத்து, புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பது என் தொழில். பயிரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்த மாதிரி பேசவும் மாட்டேன். கடைக்குப் பின்னால் என் வீடு. அதற்குப் பக்கத்தில், ஒரு கம்பி வேலிக்கு அப்பால், அக்கா வீடு.

அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏன் இப்படிக் கொதிக்கிறேன் என்று புரியாது. அம்மா போன பிறகு எனக்குத் தலை வாரிவிட்டவள் அவள். நான் கடை வைக்கப் போகிறேன் என்றபோது, பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை என்று ஊரே சொன்னது. அவள் மட்டும் முதல் ஆளாகத் தன் வீட்டு மிக்ஸியைப் பழுது பார்க்கக் கொண்டுவந்து வைத்தாள். அந்த மிக்ஸியில் ஒரு கோளாறும் இல்லை. தினமும் சாயங்காலம் நான் கை எண்ணெயைக் கழுவிக்கொண்டு வேலி ஓரம் போனால் அவள் அந்தப் பக்கம் வந்து நிற்பாள். ரெண்டு வார்த்தை பேசுவோம். அது இல்லாத ஒரு நாளை எனக்கு நினைத்துப் பார்க்கவே முடியாது.

அவள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நிலம் அவள் பெயரில் உள்ளது. வருஷத்துக்கு வருஷம் கிணற்றுத் தண்ணீர் உப்பாகிக்கொண்டே வந்தது. அது எனக்கு நன்றாகவே தெரியும், ஏனென்றால் அவர்கள் பம்பின் இரும்பை அது அரித்துத் தின்ற லட்சணத்தை நான்தான் கழற்றிப் பார்த்தேன். தொடர்ந்து ரெண்டு போகம் போட்டது எதுவும் தேறவில்லை. தூரத்து நகரத்தில் வேலை பார்க்கும் அக்கா மகன், "போதும்மா, நிலத்தைத் தள்ளிவிட்டுட்டு ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க" என்று போனில் நச்சரித்துக்கொண்டிருந்தான். பக்கத்து நிலத்துக்காரர் அங்கே குடோன் கட்டக் காத்துக்கொண்டிருந்தார். மகனிடம் அக்கா ஒரே பேச்சாகச் சொன்னாள்: "இந்த ஒரு போகம் தக்காளி போட்டுப் பாக்கறேன்டா. நின்னா இங்கயே இருப்பேன். இல்லேன்னா நீ சொன்ன மாதிரி வந்துடறேன்."

அவள் இங்கே இருப்பதும் போவதும் ஒரு தக்காளிப் பாத்தியில் தொங்குகிறது, அந்தப் பாத்தி அரை டாக்டர் கையில் இருக்கிறது!

மாமாவோ ஆகாசத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "நான் இருக்கேன்ல? இத்தனை வருஷம் உப்புலயே ஊறினவன் நான்" என்றார்.

"ஊறுகாயும்தான் ஊறுது மாமா. பண்ணையில ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டுப் போடுங்களேன்" என்றேன்.

"அவங்களைப் போய் நான் கேக்கணுமா? அங்க செடியைப் பொழைக்க வச்சதே என் கைதான். அவங்க கண்ணாடியைப் போட்டுக்கிட்டு எழுதுவாங்க, அவ்வளவுதான்."

அக்கா அவரை நம்பினாள் என்று நான் சொல்ல மாட்டேன். வேறு யாரும் இல்லை என்று விட்டுவிட்டாள்.

பண்ணையில் பார்த்த மாதிரியே சொட்டுக் குழாய் போட்டார். மோட்டாரை நான் சுற்றிக் கொடுத்தேன். ஒவ்வொரு செடியின் காலடியிலும் சொட்டுச் சொட்டாக உப்புத் தண்ணீர் விழுந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கே எரிச்சலாக இருக்கிறது, ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும்: செடி வந்தது. நன்றாகவே வந்தது. இலை பச்சைப் பசேலென்று நின்றது, பூ விட்டது, பிஞ்சு பிடித்தது.

கொஞ்ச நாளில் ஒவ்வொரு செடியைச் சுற்றியும் மண்ணில் வெள்ளையாக ஒரு வளையம் தெரிந்தது. சுண்ணாம்புப் பொடியால் வட்டம் போட்ட மாதிரி, தட்டு அகலத்துக்கு. அது உப்பு, பின்னால் பண்ணைக்காரர்கள் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. சொட்டுகிற தண்ணீர் நடுவிலிருந்து வெளியே பரவும்போது உப்பையும் தள்ளிக்கொண்டு போய் ஈரம் முடிகிற ஓரத்தில் சேர்த்து வைக்கிறது. நடுவில், வேர் இருக்கிற இடத்தில், உப்புக் குறைவு. அதனால் செடி பிழைத்தது. மாமாவுக்கு இதில் பாதி புரிந்திருந்தது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு அவர் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! போகிற வருகிறவரையெல்லாம் கூப்பிட்டு வேலி தாண்டி வரச் சொல்லி, குச்சியால் அந்த வளையத்தைத் தொட்டுக் காட்டுவார்.

"பாத்தீங்களா? உப்பைப் பிடிச்சு வெளிய உக்கார வச்சிருக்கேன். என் அனுமதி இல்லாம உள்ள வரச் சொல்லுங்க பாப்போம்!"

அக்கா முகத்தில் ரொம்ப நாளுக்குப் பிறகு ஒரு தெளிவு. சாயங்காலம் வேலி ஓரத்தில் ஒரு காயைப் பறித்து என் கையில் வைத்தாள். இன்னும் பழுக்காத காய். "பையன்கிட்டச் சொல்லிட்டேன்டி, இந்த வருஷம் வரலைன்னு" என்றாள். நான் அந்தக் காயைக் கடை மேசைமேல் வைத்திருந்தேன், வாடிக்கையாளர் ஒருவர் அதை எடுத்துக் கடித்துவிட்டு என்னிடம் திட்டு வாங்கினார்.

அப்புறம் மழை வந்தது.

பெருமழை இல்லை. மண்ணின் மேல்தோலை நனைத்துவிட்டு நிற்கிற தூறல். கொஞ்ச காலமாக மழையே இல்லாததால் தெருவில் எல்லோருக்கும் சந்தோஷம். மாமா டீக்கடையிலிருந்து கோட்டைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். நேராகப் போய் மோட்டாரை நிறுத்தினார். ஸ்விட்சைத் தட்டிய சத்தம் என் கடைக்குக் கேட்டது.

"கரண்டு மிச்சம்! வானமே ஊத்தும்போது நாம எதுக்கு ஊத்தணும்?" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் போட்டார். நானும் சரிதான் என்று நினைத்தேன். யாருக்குத்தான் அப்படித் தோன்றாது? அன்றைக்கு எனக்கு மழையில் மோட்டார் நின்றது ஒரு விஷயமாகவே படவில்லை.

மறுநாளும் தூறல். வெள்ளை வளையமெல்லாம் கரைந்து மண் கறுப்பாக, சுத்தமாக இருந்தது. "உப்பைக் கழுவிவிட்டுடுச்சு" என்று மாமா ஊருக்கெல்லாம் அறிவித்தார். அதற்கு அடுத்த நாள் வெயில் ஏறியதும் செடிகள் தலையைத் தொங்கப் போட்டன. ஒன்றிரண்டு இல்லை, பாத்தி முழுக்க. மண் ஈரம், பிடித்தால் கையில் ஒட்டுகிறது. செடியைப் பார்த்தால் பல நாளாகத் தண்ணீரே காணாத மாதிரி துவண்டு நிற்கிறது.

மாமா நடுப்பாத்தியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தார். "தண்ணி ஜாஸ்தி. வேர் அழுகுது. காயப் போடணும். யாரும் மோட்டார்ப் பக்கம் போகாதீங்க" என்று தீர்ப்புச் சொன்னார்.

"பண்ணைக்கு ஒரு போன் பண்ணுங்களேன்" என்றாள் அக்கா.

"நான் இருக்கும்போது அவங்க எதுக்கு?"

காயப் போட்டார். செடி காய்ந்தது. இலை ஓரமெல்லாம் தீய்ந்து, பிஞ்சு உதிர்ந்தது. அக்கா அதற்கு மேல் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தே பண்ணைக்குப் போய், அங்கே வேர் ஆராய்ச்சி பார்க்கும் டாக்டரம்மாவைக் கையோடு கூட்டி வந்துவிட்டாள். மாமாவுக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கோட்டை மட்டும் பட்டன் போட்டுக்கொண்டார்.

டாக்டரம்மா அதிகம் பேசாத ஆள். ஒரு செடியைச் சுற்றி மண்ணை அகலமாகத் தோண்டி, வேர் அறாமல் கட்டியோடு தூக்கி, வாளித் தண்ணீரில் மெதுவாக அலசினாள். வேர் தெரிந்தது. எனக்கே பார்த்ததும் பாவமாக இருந்தது. வெள்ளையாக இருக்க வேண்டியது பழுப்பேறிக் கிடந்தது. நுனியெல்லாம் குட்டையாகச் சுருங்கிக் கருகியிருந்தது. ஓரத்துக்குப் போன வேர் சிலது போன வழியே வளைந்து செடிப் பக்கம் திரும்பி வந்திருந்தது. எதையோ தொட்டுவிட்டுப் பயந்து ஓடி வந்த மாதிரி.

"இது அழுகல் இல்லம்மா, உப்பு. இந்த நுனியிலதான் மயிர் மாதிரி மெலிசா நிறைய இருக்கும், அது வழியாத்தான் தண்ணி குடிக்கும். எல்லாம் போயிடுச்சு. மண்ணுல தண்ணி இருக்கு, ஆனா அதுல உப்பு ஏறிட்டா வேரால இழுக்க முடியாது. தண்ணிக்கு நடுவுலயே தாகத்துல கிடக்கும்" என்றாள் அக்காவிடம்.

"உப்பைத்தான் மழை கழுவிடுச்சே!" என்றார் மாமா.

"கழுவல. பெரிய மழையா இருந்தா கழுவிக் கீழ கொண்டுபோயிருக்கும். தூறல் என்ன பண்ணும்? ஓரத்துல சேந்திருந்த உப்பைக் கரைச்சு வேர் பக்கம் கொண்டுவந்து விட்டுடுச்சு. அதுக்குத்தான் மழை விழும்போது சொட்டுக் குழாயை ஓட விடணும்னு சொல்றது. உள்ளேருந்து தண்ணி தள்ளிக்கிட்டே இருந்தா உப்பு உள்ள வராது. மழை வந்தப்ப மோட்டார் ஓடிச்சா?"

மாமா சிரித்தார். டீக்கடைச் சிரிப்பு. "என்ன மேடம், மழையில யாராவது மோட்டார் போடுவாங்களா?"

டாக்டரம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். கேலி எதுவும் இல்லை அந்த முகத்தில். நிஜமாகவே குழம்பிப் போயிருந்தாள். "நீங்கதானேய்யா போடுவீங்க? எங்க பாத்தியில தூறல் விழுந்தா முதல் ஆளா ஓடிப் போய் வால்வைத் திறந்ததே நீங்கதானே?"

அடப்பாவி மனுஷா! எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. எத்தனை மழை, எத்தனை வருஷம், குடையைப் பிடித்துக்கொண்டு தன் கையால் திறந்தவர். சரியான காரியத்தை அடுத்தவர் நிலத்தில், அடுத்தவர் சொல்லுக்காக, ஆயுசு முழுக்கச் செய்துவிட்டு, சொந்த நிலத்தில் தானே எஜமான் ஆனதும் முதல் மழையிலேயே ஓடி வந்து நிறுத்தியிருக்கிறார்.

"அது ஆர்டர் மேடம். போடச் சொன்னாங்க, போட்டேன். எதுக்குன்னு எவனாவது எங்கிட்டச் சொன்னீங்களா?" என்று அவர் சீறினார்.

டாக்டரம்மா முகம் சுருங்கியது. "நீங்க கேட்டிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். பண்ணைக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. தினமும் எதிரே நின்று தண்ணீர் ஊற்றுகிற மனுஷனுக்கு, எதற்காக ஊற்றுகிறாய் என்று ஒரு வரி சொன்னால் வாய் வலிக்குமா? தண்ணீர் ஊற்றுகிறவனுக்கு எதற்கு என்கிற திமிர் அவர்களுக்கு. ஒரு அம்மாவிடம் போய்க் கேட்பதா என்கிற திமிர் இவருக்கு. செத்தது அக்காவின் தக்காளி.

போகும் முன் டாக்டரம்மா ஒரு வழி சொன்னாள். நிலம் கெட்டுப்போகவில்லை, சுற்றிலும் உயரமாக வரப்புப் போட்டுப் பெருமழைத் தண்ணீரைத் தேக்கி நிறுத்தினால் உப்பு கீழே இறங்கிவிடும், அடுத்த போகத்துக்குத் தாராளமாகப் போடலாம் என்றாள். தானே வந்து பார்ப்பதாகவும் சொன்னாள். அக்கா கவனமாகக் கேட்டு, தலையாட்டி, வாசல்வரை போய் வழியனுப்பினாள். எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. இன்னும் ஒரு போகம் பொறுத்துக்கொள் என்று மகனிடம் நானே பேசிச் சம்மதிக்க வைக்கலாம் என்று மனசுக்குள் வார்த்தைகளைக்கூடத் தேடிவைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா அவருக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அப்படி அவருக்கு நேரே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"என்னங்க, நான் சண்டை போடல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்தப் பயிர் எப்படிப் போச்சு?"

மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். முதலில் பண்ணைக்காரர்கள் சொல்லித்தராதது. அப்புறம் விதை சரியில்லை. அப்புறம் குழாயின் துவாரம் சின்னது. அப்புறம் காலநிலையே முன்ன மாதிரி இல்லை. அக்கா ஒவ்வொன்றுக்கும், "அப்புறம்?" என்று கேட்டாள். குரல் ஏறவே இல்லை. கடைசியில் அவர் என் பக்கம் கையை நீட்டினார்.

"உன் தங்கச்சி சுத்திக் கொடுத்த மோட்டாருக்கு இழுவை பத்தல. அது நல்லா ஓடியிருந்தா செடிக்குப் பலம் இருந்திருக்கும்."

"வாயில அடிச்சேன்னா! நின்ன மோட்டாருக்கு என்ன மாமா இழுவை? ஓடினாத்தானே இழுக்கும்? நீங்கதானே ஓடி வந்து நிறுத்தினீங்க, தெருவுக்கே கேட்டுச்சே!" என்று நான் கத்தினேன்.

"நீ சும்மா இருடி" என்றாள் அக்கா. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவ்வளவுதானா? வேற காரணம் ஒண்ணும் இல்லையா?"

"வேற என்ன இருக்கு?" என்றார் மாமா.

அக்கா எழுந்து நாற்காலியை அதன் இடத்தில் கொண்டுபோய்ப் போட்டாள்.

இரண்டு நாள் கழித்து, அவள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தபோது நான் அழுது பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், பெட்டியிலிருந்து துணியை எடுத்து வெளியே போட்டும் பார்த்தேன். அவள் பொறுமையாக அதையே திரும்ப மடித்து வைத்தாள்.

"டாக்டரம்மா வழி சொன்னாங்களே அக்கா. நிலம் பொழைச்சுக்கும்னு சொன்னாங்களே!"

"நிலம் பொழைச்சுக்கும்டி. நான் பயிர் போச்சுன்னு போகல. தெரியாமப் பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இன்னும் மூணு போகம்கூடப் பாத்திருப்பேன். கல்யாணம் ஆன நாள்லருந்து அந்த ஒரு வார்த்தைக்குக் காத்துக்கிட்டிருக்கேன். இனிமே முடியல" என்றாள்.

"அப்ப அவரு?"

"இங்கயே இருக்கட்டும். அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே." பெட்டியைப் பூட்டிவிட்டு என் கையைப் பிடித்தாள். "சாப்பாடு மட்டும் பாத்துக்கோ. பட்டினி கிடந்தாலும் பசிக்குதுன்னு சொல்ல மாட்டாரு."

போய்விட்டாள். யாரை வேலிக்கு அந்தப் பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் தவித்தேனோ அவள் இல்லை. யாரைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருமோ அவர் இருக்கிறார். இப்படி ஒரு விதி வேறு யாருக்காவது வாய்க்குமா?

மூன்று வேளையும் வேலிக்கு மேல் தட்டு போகும், தட்டு வரும். நான் சமைத்ததில் உப்பு எத்தனை என்று எண்ணிக்கை வேறு சொல்வார். டீக்கடையில், அக்காவுக்கு இந்த ஊர்க் காற்று ஒத்துக்கொள்ளவில்லை, தான்தான் மகனிடம் அனுப்பிவைத்ததாகச் சொல்லியிருக்கிறார். நிலத்தைச் சுற்றி வரப்பு போட்டுவிட்டார். அது டாக்டரம்மா சொன்ன வழி என்று ஒரு ஆளிடமாவது சொல்லியிருப்பாரா? மூச்! எல்லாம் சொந்த மூளையாம்.

போன வாரம் ஒரு சாயங்காலம் தட்டைக் கொடுக்க வந்தவர் திரும்பிப் போகாமல் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றார். நான் ஒரு மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன்.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லேன்னா போங்க. எனக்கு வேலை இருக்கு."

"நான்தான் நிறுத்தினேன்" என்றார். குரல் அவர் குரல் மாதிரியே இல்லை. "அந்த வால்வை எதுக்குத் திறக்கச் சொல்றாங்கன்னு ஒருநாளாவது கேட்டிருக்கணும். கேக்க வெக்கமா இருந்தது. தெரியாமப் பண்ணிட்டேன்."

என் கையில் சுற்றிக்கொண்டிருந்த கம்பி சரிந்து அவிழ்ந்துவிட்டது. இவ்வளவு வருஷத்தில் முதல்முறையாக அந்த மனுஷன்மேல் எனக்கு இரக்கம் வந்தது. வந்த அடுத்த நிமிஷமே ஆத்திரமும் பொத்துக்கொண்டு வந்தது.

"இதை எதுக்கு எங்கிட்டச் சொல்றீங்க? சொல்ல வேண்டியவகிட்டச் சொல்லுங்க!" என்று, எண்ணெய்க் கையோடு போனை எடுத்து அக்காவுக்குப் போட்டு, ஸ்பீக்கரை வைத்து அவர் கையில் திணித்தேன்.

"சொல்லுடி" என்றாள் அக்கா.

"நான்தான்" என்றார் மாமா.

"சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று நான் தலையை ஆட்டினேன்.

"வந்து... பையன் பால்கனியில செடி வச்சிருக்கானாமே?"

"ஆமா, வச்சிருக்கான்."

"வெயில் ஏறினப்புறம் தண்ணி ஊத்த வேணாம்னு சொல்லு. காலைலயே ஊத்திடணும். தொட்டியை அடிக்கடி இடம் மாத்தவும் கூடாது. செடிக்கு எல்லாம் வேர்லதான் இருக்கு. மேல பாத்து ஏமாந்துடக் கூடாது. இது பல பேருக்குத் தெரியறதில்ல..."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். குரலுக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. எரு, நிழல், பூச்சி என்று ஒன்று விடாமல் சொன்னார். அக்கா குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாம் முடிந்த பிறகு கேட்டாள்:

"வேற ஏதாவது சொல்லணுமா?"

மாமா போனையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

"வேற என்ன? அவ்வளவுதான்" என்றார்.

"சரி. வச்சிடறேன்."

போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "பாத்தியா, நல்லாக் கேட்டுக்கிட்டா" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.